உடைந்தது ஒரு குழாய். மாறியது குளியலறை: குடும்பங்களுக்கு ஒரு பாடம்



நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் மருத்துவம், படிப்பு, திருமணம் ஆகியவை வழக்கமானவை. அண்மைக் காலமாக ‘வீட்டு ரிப்பேர்’ என்று எழுதி வரும் மனுக்களும் சேர்ந்துகொண்டன. விசாரிக்கப் போனால் பல வீடுகளில் குளியலறை வேலைதான் பாதியில் நிற்கிறது. தொடக்கம் ஒரு சின்னச் சேதமாக இருக்கிறது. முடிவு வட்டிக் கடனாக இருக்கிறது. இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று என்பதால், மார்க்க அடிப்படையிலும் வேலையின் அடிப்படையிலும் நாம் அறிந்ததை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டுகிறோம்.

நடந்தது என்ன?

பெயர் வேண்டாம், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பம். வயதான தாய், தந்தை, மகன், மருமகள், பிள்ளைகள். ஒரு நாள் சுபுஹு தொழுகைக்கு முன் குளியலறையில் குழாயின் கழுத்தில் பக்கெட்டை மாட்டித் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். நிறைந்த பக்கெட்டின் எடை தாங்காமல் குழாய் மரையோடு ஒடிந்துவிட்டது. மாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் பீய்ச்சியடித்தது. ஈரத்தில் ஓடி வந்த தாய் வழுக்கி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று.

பிளம்பர் வந்தார். ஒடிந்த மரை சுவருக்குள் மாட்டிக்கொண்டதால் இரண்டு டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்த பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து, சுவர் வெகுநாளாகவே ஈரம் ஊறிக் கிடந்தது. குழாயை மாற்றுவது சரியான வேலைதான். அங்கே நின்றிருக்கலாம். ஆனால் அதே நிற டைல்ஸ் கடையில் கிடைக்கவில்லை. ‘ஒரு சுவர் மட்டும் வேறு நிறமா?’ என்று நான்கு சுவரும் இடிக்கப்பட்டன. ‘சுவர் புதிது, தரை பழையதா?’ என்று தரையும் போயிற்று. உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டு பீங்கானையும் மாற்றினார்கள். பிறகு கீசர், கண்ணாடி, மேலே அலங்காரக் கூரை.

கையிருப்பு தீர்ந்ததும் மருமகள் பெயரில் வாரத் தவணைக் குழுக்கடன் ஒன்று. அதைக் கட்ட இன்னொன்று. இதற்கிடையே கதவு போடக் காசு இல்லை. நாற்பது நாட்கள் வீட்டுப் பெண்கள் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய் வந்தார்கள். மனு நம்மிடம் வந்தபோது சுவர் பளபளவென்று இருந்தது. கதவுக்குப் பதில் சேலை தொங்கியது.

மூன்று படிகள்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111), இமாம் ஷாத்திபி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 790, கி.பி. 1388) போன்ற அறிஞர்கள் மனிதனின் தேவைகளை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதற்படி ‘ழரூரிய்யாத்’: இல்லாவிட்டால் மார்க்கத்துக்கோ உயிருக்கோ பொருளுக்கோ கேடு வருபவை. இரண்டாவது ‘ஹாஜிய்யாத்’: இல்லாவிட்டால் வாழ்க்கை சிரமப்படும். மூன்றாவது ‘தஹ்ஸீனிய்யாத்’: அழகும் மெருகும் சேர்ப்பவை. ஷரீஅத்தின் நோக்கங்களை விளக்கவே இந்தப் பிரிவை அவர்கள் வகுத்தார்கள். ஆயினும் வீட்டுச் செலவை வரிசைப்படுத்தவும் இது நல்ல அளவுகோல்.

குளியலறையில் முதற்படி என்ன? தண்ணீர்க் கசிவு நிற்க வேண்டும். கழிவு பாதுகாப்பாக வெளியேற வேண்டும். தரை வழுக்கக் கூடாது. மின்சாரம் தாக்கக் கூடாது. கதவு வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும். மறைவு பேணுவது கடமை.

இரண்டாம் படி: உட்கார்ந்து உளூ செய்யத் தாழ்வான குழாயும் ஒரு திண்டும், காற்று போக ஜன்னல், நல்ல வெளிச்சம், துணி மாட்ட ஆணி.

மூன்றாம் படி: கூரை வரை டைல்ஸ், பூ வேலைப்பாடு, பெரிய கண்ணாடி, விலையுயர்ந்த ஷவர்.

மூன்றாம் படி ஹராம் என்று நாம் சொல்லவில்லை. அல்லாஹ் வசதி கொடுத்திருந்தால், வீண்விரயமும் பெருமையும் இல்லாமல் செய்துகொள்வதில் குற்றமில்லை. ஆனால் முதற்படி முடியாமல் மூன்றாம் படிக்குப் போகக் கூடாது. மூன்றாம் படிக்காகக் கடன் வாங்கக் கூடாது. மேலே சொன்ன குடும்பம் கதவுக்கு முன்னால் கண்ணாடியை வாங்கியது. துன்பம் அங்கேதான் தொடங்கியது.

ஒரே பொருள் ஆளுக்கு ஆள் படி மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். உட்காரும் வெஸ்டர்ன் பீங்கான் இருபது வயதுப் பிள்ளைக்கு மெருகு. முழங்கால் தேய்ந்து குந்தி எழ முடியாத பாட்டிக்கு அது தேவை. சில நேரம் அவசியம். ஆகவே பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட, நம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுங்கள்.

சொட்டு நீரின் கணக்கு

நம் உத்திரமேரூர் கல்வெட்டுகளால் அறியப்பட்ட ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் குடவோலைத் தேர்தல் முறை மட்டுமல்ல, ஏரியைப் பார்த்துக்கொள்ள ‘ஏரி வாரியம்’ என்ற குழு இருந்ததும் பதிவாகியுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீருக்கென்று பொறுப்பாளர்களை நியமித்த ஊரில் வாழும் நாம், வீட்டுக்குள் சொட்டும் குழாய்க்கு ஒரு பொறுப்பாளரை வைத்திருக்கிறோமா?

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். ஒரு சொட்டு கால் மில்லி என்று வைத்தாலும் 21 லிட்டருக்கு மேல் ஆகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில் உளூவும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பும் முடித்ததாகப் புகாரி, முஸ்லிம் நூல்களில் அறிவிப்பு உள்ளது. நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ. மத்ஹபுகளின் அளவில் வேறுபாடு இருந்தாலும் ஸாஉ என்பது ஏறக்குறைய 3 லிட்டர். அப்படியானால் ஒரு சொட்டுக் குழாய் ஒரே நாளில் ஏழு பேரின் குளிப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது.

கசிவைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. இஷாவுக்குப் பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமல் சுபுஹு நேரத்தில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சுவரில் பெயிண்ட் உப்புவது, டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்பது, காரணமின்றி மோட்டார் அடிக்கடி போட வேண்டியிருப்பது ஆகியவையும் அடையாளங்கள்.

குளியலறைக்கு மட்டும் தனியே ஒரு வால்வு போட்டு வைத்தால், குழாய் உடைந்த நேரத்தில் அதை மூடிவிட்டு வீட்டின் மற்ற பகுதிக்குத் தண்ணீர் விடலாம். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். பக்கெட்டைக் குழாயில் மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கீழே ஒரு சிறு திண்டு கட்டி அதன்மேல் வையுங்கள்.

வழுக்கி விழுதல்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தவறி விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களே அதில் மிகுதி. இடுப்பெலும்பு முறிந்து படுத்த முதியவர் பழைய நிலைக்குத் திரும்புவது எளிதன்று. தொழுகையில் நின்றவர் படுக்கையில் தொழும் நிலை வருகிறது. எனவே குளியலறையில் கை வைத்தால் முதல் செலவு தரைக்குப் போக வேண்டும்.

தரை டைல்ஸ் சொரசொரப்பானதாக இருக்கட்டும். கடையில் வாங்கும்போதே ஒரு துண்டில் தண்ணீர் ஊற்றி, காலால் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் தேங்காமல் வடிய, 4 அடி நீளத்துக்கு அரை அங்குலத்துக்குக் குறையாமல் வாட்டம் வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன் தரைக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கொடுத்து, தண்ணீர் தேக்கி ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் மறுபடி உடைக்க நேரும்.

பீங்கானுக்குப் பக்கத்துச் சுவரில் பிடிமானக் கம்பி ஒன்று பொருத்துங்கள். பிளாஸ்டிக் துவாலைக் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். இரவில் விளக்கு போட சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும்.

கீசர் வைப்பவர்கள் எர்த் இணைப்பையும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியையும் தவிர்க்கக் கூடாது. பக்கெட்டில் ஹீட்டர் கம்பி போட்டுத் தண்ணீர் சுட வைப்பவர்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொடவே கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பது நல்லது.

தஹாரத்தும் அறையின் அமைப்பும்

கொத்தனாருக்கு நம் சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, கிப்லா. மலஜலம் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்குவதையோ அதற்கு முதுகு காட்டுவதையோ நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிமில் உள்ளது. ஹனஃபி மத்ஹபில் இது கட்டடத்துக்குள்ளும் பொருந்தும். ஷாஃபிஈ மத்ஹபில் சுவர் மறைவுக்குள் அனுமதி உண்டு. ஆயினும் தவிர்ப்பதே சிறந்தது. நம் ஊரிலிருந்து கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 18 டிகிரி சாய்ந்துள்ளது. ஆகவே பீங்கானை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. பழைய பீங்கான் தவறான திசையில் இருந்தால், தரையை உடைக்கும் நாளே அதைத் திருப்ப ஏற்ற நாள்.

இரண்டாவது, குளிக்கும் இடத்தில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் நபிமொழி. அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா நூல்களில் இது உள்ளது. தண்ணீர் தேங்கி நிற்கும் மண்தரைக்கே இது பொருந்தும். பூசிய தரையில் தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும் என்ற விளக்கத்தை இப்னு மாஜா பதிவு செய்கிறார். எப்படியாயினும் தண்ணீர் தேங்கும் தரையில் அசுத்தம் தெறித்ததோ என்ற சந்தேகம் வருகிறது. சந்தேகம் வஸ்வாஸாக வளர்கிறது. மேலே சொன்ன தரை வாட்டம் வஸ்வாஸுக்கும் மருந்து. கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக இருந்தால், பீங்கான் பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி, இடையே ஒரு சிறு தடுப்பு கட்டுங்கள்.

மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. தொட்டிக்கு மூடி போடுங்கள். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள்.

கழிவு எங்கே போகிறது?

குளியலறைக்குள் எத்தனை அழகு செய்தாலும், கழிவுநீரைத் தெருவில் விட்டால் அது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தொல்லை. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று கற்ற நாம், பாதையில் தொல்லையைக் கொண்டுபோய் விடலாமா? இடித்த டைல்ஸ் துண்டுகளையும் தெருவில் கொட்டி வைக்காதீர்கள்.

சுற்றுக் கிராமங்களில் புதிதாகக் கழிப்பறை கட்டுவோருக்கு இரட்டைக் குழி முறை ஏற்றது. ஒரு குழி நிறைந்ததும் கழிவை மறு குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் இருப்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் மக்கி எருவாகிவிடும். குழிகளுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 10 மீட்டருக்குக் குறையாமல் தூரம் விடுவது பாதுகாப்பு. இதற்கென உள்ள சரிவு கூடிய கிராமியப் பீங்கானுக்கு ஒரு முறைக்கு 2 லிட்டர் தண்ணீர் போதும். 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் ஊரகப் பிரிவில், கழிப்பறையே இல்லாத தகுதியுள்ள குடும்பங்களுக்கு ரூ.12,000 ஊக்கத்தொகை வகுக்கப்பட்டது. மாற்றுத் திறனாளிகள் உள்ள குடும்பங்களும் பெண்ணைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களும் அந்தத் தகுதிப் பட்டியலில் உண்டு. இருப்பதை அழகுபடுத்த இந்தத் தொகை கிடையாது. தேவையுள்ளவர்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கவும்.

செப்டிக் டேங்க் உள்ளவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை லாரி வைத்துக் கழிவை எடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் ஒரு மனிதரை உள்ளே இறக்கக் கூடாது. உள்ளிருக்கும் விஷவாயு நொடியில் உயிரைப் பறிக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் இறந்த துயரங்கள் நம் மாநிலத்திலும் நடந்துள்ளன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய சாவுக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கட்டும், நம் வீட்டுக் கழிவுக்காக ஒரு தாயின் பிள்ளை இறந்தால் நாளை அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

பணம், கடன், கூலி

வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று படிகளையும் எழுதி, கையில் உள்ள பணத்தையும் எழுதுங்கள். முதற்படிக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் எதிர்பாராதது வரும். அதற்காகவும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். டைல்ஸ் நிறம் சேரவில்லை என்றால், வேறு நிறத்தில் ஒரு பட்டை மட்டும் ஒட்டி முடிக்கலாம். அதனால் தொழுகை கெடப் போவதில்லை. புதிதாக டைல்ஸ் போடுபவர்கள் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரண்மேல் வைத்தால், பிறகு ஒன்றிரண்டு உடையும்போது உதவும்.

கொத்தனாரிடம் நாள்கூலியா, மொத்த ஒப்பந்தமா, பொருள் யார் பொறுப்பு, எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனமான அல்பகறா 282 கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எழுதுவது அவநம்பிக்கையால் அன்று. பின்னால் மனக்கசப்பு வராமல் இருப்பதற்கு. கூலியைத் தாமதிக்காதீர்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் உள்ளது. சித்தாள் பெண்ணின் கூலியும் இதில் அடங்கும்.

வட்டிக் கடனைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அது ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போய் விழுவது, அவசரத்தில் வேறு வழி தெரியாததால். ஆகவே வேலை தொடங்கும் முன்பே அறக்கட்டளைக்கு வாருங்கள். முதற்படி வேலைகளுக்கும், முதியோர், நோயாளிகளுக்கான இரண்டாம் படி வேலைகளுக்கும் கர்ழ் ஹஸன் என்னும் வட்டியில்லாக் கடன் தர முன்னுரிமை கொடுக்கிறோம். மூன்றாம் படிக்குத் தருவதில்லை. அது பொதுமக்களின் அமானத் என்பதால் கோபம் கொள்ள வேண்டாம். ஏற்கெனவே வாரத் தவணையில் சிக்கியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மேலும் ஒரு கடன் வாங்கும் முன் வந்து பேசுங்கள்.

‘ஜகாத் பணத்தில் ஏழை ஒருவருக்குக் கழிப்பறை கட்டித் தரலாமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஹனஃபி சட்டப்படி ஜகாத் தகுதியுள்ளவரின் கையில் அது உரிமையாகச் சேர வேண்டும். நாமே கொத்தனாருக்குக் கொடுத்துவிட்டால் அந்த நிபந்தனை நிறைவேறுமா என்ற கேள்வி வரும். தகுதியுள்ளவரிடமே தொகையை ஒப்படைத்து அவர் செலவழிப்பது பாதுகாப்பான வழி. ஸதகாவில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தனிப்பட்ட நிலைமைக்கு உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு கலந்து பேச

1. நம் வீட்டுக் குளியலறையில் இன்று முதற்படிக் குறை எது? அதைச் சரி செய்ய யார் பொறுப்பு?

2. தண்ணீரை மொத்தமாக மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

3. நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் தனியாகப் போய் வர என்ன சிரமப்படுகிறார்கள்? அவர்களிடமே கேட்டோமா?

4. நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது? அதனால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை உண்டா?

5. நாம் திட்டமிட்டிருக்கும் வீட்டு வேலைகளில் தேவைக்காகச் செய்வது எது, பிறர் பார்க்கச் செய்வது எது?

இந்த ஐந்துக்கும் பதில் தேட ஒரு மாலைப் பொழுது போதும். பிள்ளைகளையும் பேச விடுங்கள்; சொட்டும் குழாயை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அல்லாஹ் நம் இல்லங்களைத் தூய்மையானவையாகவும், நம் முதியோருக்குப் பாதுகாப்பானவையாகவும், வட்டியின் நிழல் படாதவையாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

— செயலாளர்